ஊசி குத்தக் கூடாத இடம்

மழை பிடித்துவிட்டால் புனேயை ஒட்டிய எங்கள் தேஹு ரோட்டில் துணி காயாது, பெண்களின் தலைமுடியும் காயாது. கல்யாணமாகி இங்கே வந்த முதல் வருஷமே இது எனக்குத் தெரிந்துபோனது. ஈரத் தலையை அப்படியே முடிந்துகொண்டு வேலையைப் பார்ப்பதுதான் எங்கள் வரிசை வீடுகளில் எல்லாருக்கும் பழக்கம்.

என் மகள் இன்னும் ஒருபடி மேலே. காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, சொட்டச் சொட்ட உச்சியில் இழுத்து ரப்பர் பேண்டு போடுவாள். அதன்மேல், புனேயில் எல்லாப் பெண்களும் செய்கிற மாதிரி, கண் மட்டும் தெரிய ஸ்கார்ஃபைச் சுற்றிக்கொள்வாள். அதன்மேல் ஹெல்மெட். ஸ்கூட்டியில் போசரிக்குப் போய் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்து எல்லாவற்றையும் அவிழ்ப்பாள். அவள் தலையிலிருந்து நனைந்த கோணி வாசனை வரும். "காய வெச்சிட்டுப் போடி" என்றால், "டைம் கஹாங் அம்மா, நேரம் ஏது" என்பாள். அவள் தமிழ் அப்படித்தான், பாதி வழியில் இந்தியில் இறங்கிவிடும்.

அவளுக்கு முடி நிறைய. இடுப்புக்குக் கீழே வரும். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதலில் தொட்டது அந்தப் பின்னலைத்தான். அவர்கள் ஏரவாடாவில் இருக்கிறார்கள். எங்களைப் போலவே ஆரணிப் பக்கம் பூர்வீகம். பின்னலைக் கையில் தூக்கி எடை பார்ப்பதுபோல் பிடித்துக்கொண்டு, "எங்க வூட்ல எல்லாருக்கும் எலி வாலு. முடிக்காரி ஒருத்தி வரட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆடி கழிந்து ஆவணியில் பூ வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள்.

பூ வைப்பது என்றால் எங்களில் அதுதான் உறுதி. மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வருவார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் பெண்ணின் தலையில் பூவை வைத்து, கொண்டை ஊசி குத்தி, குங்குமம் இடுவார். அதற்குப் பிறகு அந்தப் பெண் அவர்கள் வீட்டுப் பெண்.

அதற்காகத்தான் மகள் என்னை பார்லருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதுவரை நான் பார்லருக்குள் கால் வைத்ததில்லை. கண்ணாடிக் கதவு உள்ள கடை எதுவானாலும் எனக்குக் கூச்சம். பத்தாவதோடு நின்ற படிப்பு. இந்தி புரியும், பேச வராது. ஸ்டேஷன் பக்கம், ஒரு தையல் கடைக்கு மேலே, ஒரே ஒரு அறை. அதை நடத்துகிறவரை எல்லாரும் தாயி என்று கூப்பிட்டார்கள். மராத்தியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் என்னைப் பார்த்ததும் "மாவ்ஷி, உட்காருங்க" என்று ஒரு நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். மாவ்ஷி என்றால் சித்தி. அந்த ஒரு சொல்லில் என் கூச்சம் கொஞ்சம் குறைந்தது.

தாயி வேலை செய்துகொண்டே திட்டுகிறவர். மகளின் ரப்பர் பேண்டைக் கழற்றி என்னிடம் காட்டினார். அதில் முடி சுற்றிக் கிடந்தது. மழைக்காலத்தில் ஈர முடி, ஊறிய நூல் மாதிரி, இழுத்தால் நீண்டு அறுந்துவிடும் என்றார். குளிப்பதைச் சாயங்காலத்துக்கு மாற்றச் சொன்னார். எண்ணெய் வைத்தால் குளிக்கும் முன் கொஞ்ச நேரம் போதும், விடிய விடிய வைத்தால் இந்த ஈரத்தில் பொடுகுதான் வரும் என்றார். ஸ்கார்ஃப் இரண்டு வேண்டும், ஒன்று நனைந்தால் மற்றது. அதுவும் பருத்தியாக இருக்கட்டும், வழவழ துணி வேண்டாம். ஹெல்மெட்டின் உள் துணியைக் கழற்றிக் காய வைக்க வேண்டும். இரும்புப் பல் கிளிப்பை விட்டுவிட்டு அகலமான கிளட்சர் போடச் சொன்னார். மகள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, நீ சொல்வதையே இவரும் சொல்கிறார் என்பதுபோல் முகத்தைச் சுளித்தாள்.

அப்போது தாயியின் சீப்பு நின்றது.

பேச்சும் நின்றது. பின்னந்தலையில் வகிடு எடுத்துக்கொண்டிருந்த கை அங்கேயே இருந்தது. குனிந்து பார்த்தார். ஒரு விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். எழுந்து போனேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு நாணயம் அளவுக்கு, வழவழவென்று வெறும் தோல். அதைச் சுற்றி அவ்வளவு அடர்த்தியான முடி. நடுவில் மட்டும் யாரோ துடைத்து எடுத்த மாதிரி. அந்த இடம் எது என்று பார்த்தவுடனே தெரிந்தது. பூ வைக்கிற இடம்.

தாயி ஒளிக்கவில்லை. மகளின் போனையே வாங்கிப் படம் எடுத்து அவளிடம் கொடுத்தார். மகள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள். இது மழையால் வந்தது இல்லை, ரப்பர் பேண்டால் மட்டும் வந்ததும் இல்லை, தோல் டாக்டரிடம் போங்கள், நிறையப் பேருக்கு வருகிறது, நிறையப் பேருக்குத் திரும்ப முளைக்கிறது என்று தாயி எனக்குப் புரியும்படி மெதுவாக இந்தியில் சொன்னார். கடைசியில் ஒன்று சொன்னார். விசேஷத்துக்குச் சவுரி வேண்டாம், ஜடை அலங்காரம் வேண்டாம், அந்த இடத்தில் ஊசி குத்தவே கூடாது. சுற்றியுள்ள முடி இப்போது பிடிப்பில்லாமல் இருக்கிறது. பாரம் ஏற்றினால் அதுவும் வந்துவிடும்.

படி இறங்கும்போதே மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஜடை வைத்துத் தைத்துவிட்டால் அந்த இடம் வெளியே தெரியாது. யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இருக்கிற முடியும் போகும். ஜடை வைக்காமல் விட்டால், அவ்வளவு முடிக்காரிக்கு ஏன் அலங்காரம் இல்லை என்று கேட்பார்கள். பூவோடு வருகிற விரல் நேராக அங்கேதான் போகும். மறைத்தால் முடி போகும், மறைக்காவிட்டால் சம்பந்தம் போகும். அன்றைக்கு என் மனதில் பட்டது அவ்வளவுதான்.

ஆரணியில் இருக்கும் என் அக்காவுக்குப் போன் செய்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு என்று சொல்லிக் கேட்டேன். "அது புழுவெட்டுடி" என்றாள் அக்கா, யோசிக்காமல். "சின்ன வெங்காயத்த நறுக்கித் தேய்க்கச் சொல்லு, செவக்கிற வரைக்கும். அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" ஆகவில்லை என்றேன். "அப்ப அவங்கம்மாவ வாயத் தெறக்காம இருக்கச் சொல்லு. ஒருத்தன் கட்ட மாட்டான்." போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வார்த்தை காதிலேயே இருந்தது. பூ வைக்கும் அன்று அக்காவும் வரப்போகிறாள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

வெங்காயத்தை உரித்துக்கொண்டு போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் என்ன மிசலா அம்மா, மேல வெங்காயம் போட?" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். மிசல் இங்கே மேலே பச்சை வெங்காயம் தூவித் தருகிற காரப் பயறு. அந்தப் படம் எடுத்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

சிஞ்ச்வடில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். மெல்லிய ஊசியால் அந்த இடத்தில் மருந்து ஏற்றினார். மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முளைக்கும், மாதக் கணக்கில் ஆகலாம் என்றார் டாக்டர். சிலருக்கு வேறு இடத்திலும் வரும், வராமலும் போகும் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து நான் தலையணையைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் வேலைக்குப் போனதும் போர்வையை உதறிப் பார்ப்பேன். குளியலறை வடிகாலில் சுருண்டு கிடக்கும் முடியைக் குச்சியால் எடுத்துப் பார்ப்பேன். வழக்கமாகக் கொட்டுகிற முடியா, புதிதாக ஓர் இடம் திறக்கிறதா என்று எப்படித் தெரியும்? வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ராணுவ டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார். "டாக்டர் பாக்கறாரு இல்ல" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மகள் எதிரே நடந்து போனால் பேப்பரை இறக்கி அவள் பின்னந்தலையைப் பார்ப்பார். நான் பார்த்தால் பேப்பரை ஏற்றிக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தலை காய்ந்துகொண்டிருக்கும்போது மகள் என்னிடம் சொன்னாள். "அவர்கிட்ட சொல்லிட்டேன் அம்மா. அவருக்கு ஒண்ணும் இல்ல. அவங்க அம்மாகிட்ட நீ சொல்லு."

நீயே சொல்லிவிட்டாயா என்று கோபப்படவும் முடியவில்லை. "நீயே அவங்ககிட்டயும் சொல்லேன்" என்றேன்.

"எனக்கு அந்த மாதிரி தமிழ் வராது. பெரியவங்ககிட்ட இந்த மாதிரி விஷயத்த எப்படிச் சொல்றதுன்னு தெரியாது. தப்பா ஏதாவது வாயிலேர்ந்து நிகல் ஜாயேகா. அவர் சொன்னா, பையன் இப்பவே பொண்டாட்டி பக்கம் பேசறான்னு ஆயிடும். நீதான் சொல்லணும்."

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் சந்தையில் காய் அழுகியிருந்தால்கூட மாற்றிக் கேட்காதவள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டினாலும் சத்தம் போடாதவள்.

இருந்தாலும் போன் செய்தேன். சம்பந்தி அம்மா உற்சாகமாக இருந்தார். சென்னையிலிருந்து ரயிலில் ஒருவர் மல்லியும் கனகாம்பரமும் கொண்டுவருகிறாராம். இங்கே கிடைக்கிற பூவில் வாசனையே இல்லையாம். "அவ்ளோ முடிக்கு முழம் கணக்குல வெச்சா பத்தாது. தல நெறய வைக்கணும்" என்றார். நான் "சரிங்க" என்றேன். ஜடை எப்படி வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். அதற்கும் "சரிங்க" என்றேன். போனை வைத்துவிட்டுச் சமையலறைச் சுவரில் சாய்ந்து நின்றேன். அடுத்த முறை எடுத்தபோது அவர் வீட்டில் யாரோ விருந்தாளி. அதற்கடுத்த முறை அவரே கூப்பிட்டார். என் நாக்கு எழவில்லை. இப்படியே அந்த நாள் வந்துவிட்டது.

அன்று காலையிலும் மழை. தாயி வீட்டுக்கே வந்தார். முடியை நன்றாகக் காய வைத்து, இழுக்காமல், தளர்வாகப் பின்னி, பின்னலைத் தோளுக்கு முன்னால் எடுத்து விட்டார். அந்த இடத்தின்மேல் பக்கத்து முடியை மெதுவாகப் படிய வைத்தார். துணியில் செய்த கிளிப் ஒன்று, அதுவும் கழுத்துக்குப் பக்கத்தில் தாழ்வாக. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் யார் பார்த்தாலும் கல்யாண அலங்காரம் என்று சொல்ல மாட்டார்கள். போகும்போது வாசலில் நின்று என்னிடம் மறுபடி சொன்னார், ஊசி வேண்டாம் மாவ்ஷி.

அவர் போனதும் அக்கா பையைத் திறந்தாள். உள்ளே ஒரு சவுரி. "ஜடை எங்கடி? இதென்ன ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி? நான் கொண்டாந்திருக்கேன், உக்காரு" என்று மகளின் தோளைப் பிடித்தாள். "வேணாம் பெரிம்மா" என்று மகள் நகர்ந்தாள். மழைக்கு ஒத்துக்காது என்று பார்லரில் சொன்னார்கள் என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றி நான் கேட்டதும் அவள் சொன்னதும் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. அவள் சவுரியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். வைக்கும்போது அவள் கையும் அவசரப்பட்டது.

அவர்கள் வந்தார்கள். குடைகள் வாசலில் மலைபோல் குவிந்தன. தட்டுகள் வரிசையாக வந்தன. வாழை இலை பிரித்ததும் மல்லி வாசனை கூடத்தை நிறைத்தது. மகள் பலகையில் உட்கார்ந்தாள். நான் குங்குமத் தட்டோடு பக்கத்தில் நின்றேன். சம்பந்தி அம்மா பூச்சரத்தை இரண்டு கையாலும் அள்ளி எடுத்தார். ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டார். மகளின் பின்னால் வந்து நின்று, அலங்காரத்தை ஒரு நொடி பார்த்தார். புருவம் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது. பிறகு பூவை உச்சிக்குக் கீழே, சரியாக அங்கே, வைத்தார். வாயிலிருந்து ஊசியை எடுக்கக் கை மேலே போனது.

"அங்க குத்தாதீங்க."

அது என் குரல்தான். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கூடத்தில் பேச்சு அடங்கியது. தட்டிலிருந்து குங்குமம் கொஞ்சம் என் புடவையில் சிந்தியது.

சம்பந்தி அம்மா பல்லில் ஊசியோடே என்னைப் பார்த்தார்.

இனி நிறுத்தினால் அதைவிட மோசம் என்று எனக்குத் தெரிந்தது. "அந்த எடத்துல முடி இல்லீங்க" என்றேன். "மழை ஆரம்பத்துலதான் தெரிஞ்சுது. டாக்டர் பாக்கறாரு. ஊசி வெச்சா சுத்தி இருக்கறதும் வந்துடுங்களாம். போன்ல சொல்ல வந்தேன். வாய் வரல."

மகள் குனிந்தபடி இருந்தாள். அவள் காது சிவந்திருந்தது. மாப்பிள்ளை தன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூவுக்கு அடியில் சம்பந்தி அம்மாவின் விரல்கள் நகர்ந்தன. முடியை விலக்கின. அந்த இடத்தைத் தொட்டன. தொட்டது எனக்குத் தெரிந்தது, என் தலையிலேயே தொட்டதுபோல. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். தட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவர்கள் மழையில் படி இறங்குவது கண்ணுக்கு முன்னால் ஓடியது.

அவர் ஊசியைப் பல்லிலிருந்து எடுத்து என் தட்டில் போட்டார். பூச்சரத்தில் பாதியை அறுத்து, கூட வந்திருந்த தன் மகளிடம் கொடுத்தார். மீதியைப் பின்னல் மேல் சுற்றி, நாரிலேயே முடிச்சுப் போட்டார். "கீழ வுழாம இருந்தா சரி" என்றார். யாரிடம் என்று தெரியவில்லை. தட்டிலிருந்து குங்குமம் எடுத்து மகளின் நெற்றியில் வைத்தார். கூடத்தில் பேச்சு மெதுவாகத் திரும்ப வந்தது.

ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பந்தியில் பரிமாறும்போது அவர் இலையைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வடையைப் பிய்த்துத் தின்றார், மோர் கேட்டார், அவ்வளவுதான். விசேஷ வீட்டில் சண்டை வேண்டாம் என்று பொறுத்திருக்கிறார், வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புவார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் கை துடைத்துக்கொண்டே உள் அறைக்கு வந்தார். என்னையும் மகளையும் கூப்பிட்டார். மகளை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, பூவை ஒதுக்கி, அந்த இடத்தை நிதானமாகப் பார்த்தார். "வலிக்குதா?" என்று கேட்டார். மகள், "நஹி... இல்ல அத்த" என்றாள்.

"இதுக்குத்தான் போன்ல சரிங்க சரிங்கன்னீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

"முன்னாடியே சொல்லியிருந்தா அவ்ளோ பூவ சென்னையிலேர்ந்து வரவழச்சிருக்க மாட்டேனே." கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னார். பிறகு முடியைப் படிய வைத்துக்கொண்டே, "கல்யாணம் தையில. அதுக்குள்ள இங்க குளிர் வந்துடும், தல வறண்டு போவும். எங்க வூட்ல போர் தண்ணி வேற, உப்புத் தண்ணி. அந்தப் பார்லர்க்காரி குளிருக்கு இன்னா பண்ணச் சொல்றான்னு கேட்டு வைங்க" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "நானும் வரேன். எலி வாலுக்கும் ஏதாவது சொல்றாளா பாக்கலாம்" என்றார்.

தீபாவளி கழிந்து ஒருநாள் சொன்னபடியே வந்தார். தாயி அறையில் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். குளிருக்குக் கொதிக்கிற தண்ணீர் தலையில் ஊற்றக் கூடாது, கடின நீராக இருந்தால் கடைசி ஒரு சொம்பு காய்ச்சி ஆறவைத்ததாக இருக்கட்டும், எண்ணெயைச் சூடு காட்டி நுனிக்கு மட்டும் தடவுங்கள், கம்பளித் தொப்பிக்கு உள்ளே பருத்தித் துணி வையுங்கள் என்றெல்லாம் தாயி சொன்னார். சம்பந்தி அம்மா ஒவ்வொன்றையும் என்னிடம் தமிழில் திருப்பிச் சொன்னார், எனக்குப் புரியாதோ என்று. பிறகு தாயி மகளின் முடியை விலக்கிப் பார்த்தார். அந்த இடத்தில் பூனை முடி மாதிரி முளைத்திருந்தது. வெள்ளையாக. நான் பயந்துபோனேன். முதலில் இப்படி வெள்ளையாக வருவது உண்டு, பிறகு நிறம் வரும் என்று தாயி சொன்னார். வேறு இடத்தில் வருமா என்று கேட்டேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்து இந்தியில் கேட்டது அது ஒன்றுதான். தெரியாது மாவ்ஷி என்றார் அவர். "வந்தா பாத்துக்கலாம்" என்றார் சம்பந்தி அம்மா. அவருக்குச் சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை.

எனக்கு வரவில்லை. மகள் இப்போது முடியைக் காய வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறாள். பருத்தி ஸ்கார்ஃப், அகலக் கிளிப், எல்லாம் தாயி சொன்னபடி. ஹெல்மெட்டைக் கையில் எடுக்கும்போது நான் வாசலுக்கு ஓடுவேன். ஸ்கார்ஃபுக்குள் விரலை விட்டு முடியைத் துழாவுவேன். "காஞ்சிடுச்சு அம்மா, சூக்கா இருக்கு பாரு" என்பாள். ஈரம் பார்க்கிறேன் என்று நினைக்கிறாள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காதுக்குப் பின்னால், கழுத்து மேட்டில், உச்சியில், விரல் நுனிக்கு வழவழப்பாக ஏதாவது தட்டுப்படுகிறதா என்று தேடிவிட்டு, இல்லை என்று தெரிந்த பிறகுதான் கையை எடுப்பேன். ஸ்கூட்டி முனையில் திரும்பி மறையும்வரை நிற்பேன். மறுநாள் காலையில் மறுபடி தேட வேண்டும்.